தேர் நகர்வதும் தேர் நிற்பதும்

ஓய்வுநிலை அரச எழுதுவினைஞர்,
ஆலய பரிபாலன சபை உறுப்பினர்



ஆண்டுதோறும் இம்மலரில் ஆலயத் திருப்பணி பற்றியோ வரவு செலவு பற்றியோ அடியேன் எழுதுவது வழக்கம். இம்முறை மலர்க்குழுவினர், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடியதாக ஒரு விஞ்ஞானக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்டனர். நான் விஞ்ஞானம் படிப்பித்தவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் கோவைகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழித்த எழுதுவினைஞன். எனினும் தேர்த்திருவிழாவன்று வீதி ஒழுங்குக்குப் பொறுப்பாக இருந்த காரணத்தால், உராய்வு என்னும் பாடத்தை நான் கற்றேயாக வேண்டி வந்தது. அப்பாடத்துக்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர். அதனையும் மறையாது இங்கு எழுதுகின்றேன்.

உராய்வு என்றால் என்ன?

வீட்டில் ஓர் அலுமாரியைத் தள்ளிப் பாருங்கள். மெதுவாகத் தள்ளினால் அது அசையாது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினாலும் அசையாது. ஒரு கட்டத்தில் திடீரென்று நகரும். நகர்ந்த பின் முன்னரைப் போல அவ்வளவு பலம் தேவைப்படுவதில்லை. இதனை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம்.

அலுமாரியின் காலும் நிலமும் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும் இடத்தில், நகர்வை எதிர்த்து ஒரு விசை தோன்றுகின்றது. அதுவே உராய்வு விசை. நாம் தள்ளாதபோது அது இல்லை. நாம் பத்துக் கிலோ பலத்தில் தள்ளினால் அதுவும் பத்துக் கிலோவால் எதிர்க்கும். இருபதால் தள்ளினால் இருபதால் எதிர்க்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைப் பாடநூல்கள் எல்லையுராய்வு என்று கூறுகின்றன. அதனைத் தாண்டியவுடன் பொருள் நகர்கின்றது. நகர்கின்ற பொருளின் மீதுள்ள உராய்வு பெரும்பாலும் அந்த எல்லையிலும் குறைவானது. (இலகுவாக விளங்குவதற்காக விசையைக் கிலோவில் சொல்கின்றேன். பிள்ளைகள் பரீட்சையில் நியூற்றனில் எழுத வேண்டும்.)

1699 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டைச் சேர்ந்த அமொந்தன் என்பவர் இது பற்றி இரண்டு விதிகளை வெளியிட்டார். உராய்வு, பொருள் நிலத்தை அழுத்தும் பாரத்துக்கு ஏற்பக் கூடும் என்பது ஒன்று. தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு பெரிதா சிறிதா என்பதால் அது மாறுவதில்லை என்பது மற்றொன்று. அலுமாரிக்குள் இருக்கும் புத்தகங்களை இறக்கிவிட்டால் தள்ளுவது ஏன் சுலபமாகின்றது என்பதற்கு முதலாவது விதியே விடை.

உராய்வை நாம் ஒரு தொல்லை என்றே நினைக்கின்றோம். செருப்புத் தேய்கின்றது, ரயர் தேய்கின்றது, கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகின்றது என்று குறைப்படுகின்றோம். ஆனால் உராய்வு இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. பாதம் நிலத்தைப் பின்னுக்குத் தள்ள, நிலம் பாதத்தை முன்னுக்குத் தள்ளுகின்றது. அந்தத் தள்ளலைத் தருவது உராய்வு. மாரியில் பாசி பிடித்த கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ரயர் கிடைக்காமல், பூ முழுவதும் தேய்ந்த ரயரில் துண்டு வைத்துக் கட்டிச் சைக்கிள் ஓடிய நாங்கள் மழைநாளில் பிறேக் பிடித்தபோது பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கின்றது. பிறேக் கட்டை சில்லை நிறுத்தியது. ஆனால் வழுவழுத்த ரயர் ஈர வீதியில் சறுக்கிக்கொண்டே போனது. சில்லு நிற்பது வேறு, வண்டி நிற்பது வேறு என்று அன்று கண்டோம். தேருக்கும் இதே கதைதான்.

சில்லின் பெருமை

எமது தேரைக் கணக்குக்காக 20 தொன் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 20,000 கிலோ. சில்லு இல்லாமல் வெறும் மரச்சட்டத்தின் மீது வைத்து இழுப்பதாயின், மரத்துக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள உராய்வு பாரத்தின் அரைவாசி அளவுக்கு வரலாம். அப்படியாயின் 10,000 கிலோ விசை வேண்டும். வடத்தில் நிற்கும் ஒருவர் நிதானமாக 20 கிலோ அளவில் இழுப்பார் என்று கொண்டால் 500 பேர் தேவை.

சில்லு வந்தவுடன் கணக்கே மாறிவிடுகின்றது. சில்லு நிலத்தில் சறுக்குவதில்லை, உருள்கின்றது. சறுக்கல் நடைபெறும் இடம் அச்சு மட்டுமே. சில்லின் விட்டம் 5 அடி, அச்சின் விட்டம் 4 அங்குலம் என்றால், சில்லு அச்சைப் போலப் 15 மடங்கு பெரியது. கிறீஸ் பூசிய அச்சில் உராய்வு பாரத்தின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,000 கிலோ என்று வைத்தாலும், நாம் அதனை வெல்ல இழுக்க வேண்டியது அதன் பதினைந்தில் ஒரு பங்கே. அது ஏறத்தாழ 133 கிலோ. இறுகிய நிலத்தில் சில்லு உருளும்போது நிலம் தரும் தடை 650 கிலோ அளவில் வரலாம். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 800 கிலோ. நாற்பது பேர் இழுத்தால், ஓடத் தொடங்கிய தேர் ஓடிக்கொண்டிருக்கும்.

கிறீஸ் பூச மறந்தால் என்ன ஆகும்? அச்சின் உராய்வு மூன்று மடங்காகி 133 என்பது 400 ஆகலாம். எங்கள் பாட்டன்மார் வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மசகாக்கி வண்டில் அச்சுக்கு இட்டனர். அவர்கள் அமொந்தனைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் எங்கே உராய்வு வேண்டாமோ அங்கே எண்ணெய் இட அறிந்திருந்தார்கள். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, மசகிடுவாரின்றித் தேரும் வண்டில்களும் கொட்டகைகளில் நின்றன. மறு ஆண்டு திரும்பி வந்தவர்களுக்கு அச்சிலும் பூணிலும் துரு. பூட்டியிருந்த வண்டிற் சில்லைச் சுழற்ற இரண்டு பேர் அலவாங்கு போட வேண்டியதாயிற்று.

தேர் நகராவிட்டால் யார் குற்றம்?

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு முறை எமது தேர் தெற்கு வீதியில் நின்றுவிட்டது. முதல்நாள் மழை. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. இன்ன வீட்டாரின் துடக்கு, இன்னார் வடத்தைத் தொட்ட தோஷம் என்று பெயர் சொல்லாமல் பெயர் சொன்னார்கள். அந்த வீட்டு அம்மா அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு வரவில்லை. அவர் படலைக்குள் நின்று தேரைக் கும்பிட்டதை நான் கண்டிருக்கின்றேன்.

பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 அடி விட்டமுள்ள ஒரு சில்லு 2 அங்குல ஆழமுள்ள பள்ளத்தில் இறங்கிவிட்டால், அதிலிருந்து ஏறுவதற்கு அந்தச் சில்லின் மீதுள்ள பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு விசை வேண்டும். ஒரு சில்லின் மீது 5 தொன் பாரம் இருந்தால் ஏறத்தாழ 2 தொன் இழுவை. முன்சில்லு இரண்டும் இறங்கியிருந்தால் 4 தொன். நாற்பது பேர் இழுத்த தேருக்கு இப்போது இருநூறு பேர் வேண்டும். அன்று வடத்தில் நின்றவர்கள் நூறு பேரும் இல்லை. மழையில் ஊறிய மண்ணும் 2 அங்குலப் பள்ளமும் செய்த வேலைக்கு ஒரு குடும்பம் பழி சுமந்தது.

நின்ற தேரை நகர்த்தும் வழி இரண்டு. ஒன்று, எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பது. எல்லையுராய்வைத் தாண்ட வேண்டியது ஒரே ஒரு கணந்தான். நூறு பேர் சேர்ந்து இழுத்தால் 2 தொன். ஐம்பது பேர் இப்போதும் ஐம்பது பேர் பிறகும் இழுத்தால் இரண்டு தடவையும் 1 தொன்தான். தேர் அசையாது, கை மட்டும் உரியும். "அரோகரா" என்று ஒரே குரலில் சொல்லி இழுப்பதில் பக்தியும் உண்டு, பௌதிகமும் உண்டு. மற்றது நெம்புதல். 10 அடி மரத்தை, சில்லிலிருந்து 1 அடியில் ஒரு குற்றியின் மீது தாங்க வைத்து மறுமுனையை அழுத்தினால், நாம் கொடுக்கும் விசை 9 மடங்காகச் சில்லில் சேரும். இரண்டு பேர் ஆளுக்கு 50 கிலோ வீதம் அழுத்தினால் 900 கிலோ. நாற்பத்தைந்து பேரின் இழுவைக்குச் சமம்.

ஓடும் தேர் ஏன் உடனே நிற்பதில்லை?

நகர மறுப்பதும் நிற்க மறுப்பதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள். அக்குணத்துக்குச் சடத்துவம் என்று பெயர். நிற்கும் பொருள் நின்றுகொண்டேயிருக்கும், ஓடும் பொருள் ஓடிக்கொண்டேயிருக்கும், வேறொரு விசை தலையிட்டால் அன்றி. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட நூலில் முதலாவது விதியாக இதனை வைத்தார்.

தேர் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் வருகின்றது என்று கொள்வோம். அது ஆறுதலாக நடக்கும் ஒருவரின் வேகம். எல்லோரும் வடத்தை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? முன்னர் சொன்ன 800 கிலோ தடை மட்டுமே தேரைப் பிடித்து நிறுத்த வேண்டும். கணக்குப்படி தேர் இன்னும் 4 அடிக்கு மேல் உருண்டுதான் நிற்கும். வேகம் இரட்டிப்பானால், அதாவது இளைஞர்கள் உற்சாகத்தில் கொஞ்சம் ஓட்டமாக இழுத்துவிட்டால், தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 16 அடிக்கு மேல் போகின்றது.

இனி எமது வடக்கு வீதிக்கு வருவோம். அது கேணிப் பக்கமாகச் சற்றுச் சரிவானது. 50 அடிக்கு 1 அடி இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேருக்குத் தெரியும். 20 தொன் தேரை அந்தச் சரிவு 400 கிலோ விசையால் முன்னுக்கு இழுக்கின்றது. தடையின் அரைவாசி அங்கேயே போய்விடுகின்றது. ஆகவே 4 அடியில் நிற்க வேண்டிய தேர் 8 அடி போகும். 16 அடியில் நிற்க வேண்டியது 33 அடி போகும். சரிவு இன்னும் இரட்டிப்பாகி 25 அடிக்கு 1 அடியானால், வடம் பிடிக்காமலே தேர் ஓடிக்கொண்டிருக்கும். வடக்கு வீதியில் பின்வடம் பிடிக்க ஆள் வேண்டும் என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொன்னதன் காரணம் இதுதான்.

2017 ஆம் ஆண்டு வாயு மூலையில் நடந்தது

தேரை மூலையில் திருப்புவது எல்லாவற்றிலும் கடினமான வேலை. நேராக ஓடும்போது சில்லு உருள்கின்றது. திருப்பும்போது அது பக்கவாட்டாகச் சறுக்கியே ஆகவேண்டும். ஏனெனில் எமது தேரின் அச்சு காரின் முன்சில்லுப் போலத் திரும்புவதில்லை. உருளல் போய்ச் சறுக்கல் வந்துவிட்டால், சில்லினால் கிடைத்த சலுகை முழுவதும் அந்த இடத்தில் பறிபோகின்றது. ஆகவேதான் வெளிவீதி சுற்றி வருவதற்கு எடுக்கும் நேரத்தில் பெரும்பகுதி நான்கு மூலைகளிலும் கழிகின்றது.

2014 ஆம் ஆண்டு ஒரு செய்தி படித்திருந்தேன். ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியப் பிரதானி ஜெகுதிஹோத்தெப்பின் கல்லறைச் சுவரில் ஒரு சித்திரம் உண்டு. பிரமாண்டமான சிலையொன்றைச் சறுக்குப் பலகையில் வைத்துப் பலர் இழுக்கின்றனர். பலகையின் முன்னே நிற்கும் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகின்றார். அது வெறும் சடங்கு என்று கருதியவர்களும் உண்டு. ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014 இல் பரிசோதித்துப் பார்த்து, மணலில் அளவாக ஈரம் இருந்தால் இழுக்கும் விசை அரைவாசியாகக் குறைகின்றது என்று கண்டனர். காய்ந்த மணல் பலகையின் முன்னே குவிந்து தடுக்கின்றது. ஈரமணல் இறுகி நிற்கின்றது. தண்ணீர் மிஞ்சினாலோ உராய்வு மீண்டும் கூடுகின்றது.

இதைப் படித்த எனக்குப் பெருமை பிடிபடவில்லை. 2017 ஆம் ஆண்டுத் தேரன்று, அடியழிக்கும் தாய்மாரின் கால் சுடாதிருக்க வீதிக்குத் தண்ணீர் விட வந்த பவுசரை, வடமேல் மூலையில் கூடுதலாக ஊற்றும்படி நான்தான் பணித்தேன். சில்லு சுலபமாகத் திரும்பும் என்பது என் எண்ணம். சில்லு உண்மையில் சுலபமாகத்தான் திரும்பியது. பலர் கைதட்டினர்.

ஆனால் எமது வீதி எகிப்தின் மணல் அன்று. அது தார் வீதி. அதன் மீது அடியார்களின் காலோடு வந்த செம்மண் படிந்திருந்தது. சிதறு தேங்காய் அடித்த நீரும் சொட்டுத் துண்டுகளும் கிடந்தன. அத்தனையும் தண்ணீரோடு கலந்து மெல்லிய சேறாயின. திரும்பிய தேர் வடக்கு வீதிச் சரிவிலே இறங்கத் தொடங்கியது. வழக்கம்போல முட்டுக்கட்டை போட்டார்கள். சில்லு கட்டையில் முட்டியது. கட்டை நிற்கவில்லை. சேற்றில் வழுக்கித் தேருக்கு முன்னே தானும் போனது. கட்டை போட்ட தம்பி, அதைக் காலால் அணைத்து நிறுத்தப் பார்த்தார்.

பின்வடம் பிடித்தவர்கள் தேரை ஐந்தாறு அடிக்குள் நிறுத்திவிட்டார்கள். அம்பாள் அன்று பெரிய பழியிலிருந்து எங்களைக் காத்தாள். ஆனால் அந்தத் தம்பிக்கு வலது காலில் இரண்டு விரல்கள் இல்லாமற் போயின.

அன்று மாலை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டை போட்டு ஓய்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, நீங்கள் தண்ணி ஊத்தினது சில்லுக்கோ, கட்டைக்கோ?"

எனக்குப் பதில் வரவில்லை. சில்லுக்கென்றுதான் நினைத்து ஊற்றினேன். தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாதே. முட்டுக்கட்டை என்பது தேரைத் தன் பலத்தால் தாங்குவதில்லை. சில்லு அதன் மீது ஏறப் பார்க்கின்றபோது தேரின் பாரம் கட்டையை நிலத்தோடு அழுத்துகின்றது. அந்த அழுத்தத்தால் கட்டைக்கும் நிலத்துக்கும் இடையே எழும் உராய்வே தேரை நிறுத்துகின்றது. உராய்வு போனால் முட்டுக்கட்டை வெறும் மரத்துண்டு. சில்லு சறுக்க வேண்டிய இடமும் கட்டை சறுக்கக்கூடாத இடமும் எமது வடமேல் மூலையில் பத்தடி தூரத்துக்குள் இருக்கின்றன. அரைகுறையாகப் படித்த நான் இரண்டையும் ஒன்றாக நனைத்துவிட்டேன்.

இன்னுமொன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டின் திருவிழா அறிக்கையில் "வடக்கு வீதித் தொடக்கத்தில் தேர் சிறிது நேரம் தரித்துப் பின்னர் இருப்பிடம் சேர்ந்தது" என்று எழுதியவனும் நானே. எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு அப்படி எழுதுவது கைவந்த கலை. அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை, நடந்ததும் இல்லை. அதனைத் திருத்தவே இக்கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

பெரிய தேர்கள் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 தொன் நிறையும் உடையது. பல ஆண்டுகள் ஓடாதிருந்து 1970 ஆம் ஆண்டு மீண்டும் ஓடத் தொடங்கியது. அவ்வளவு பெரிய தேரை நிறுத்த முட்டுக்கட்டை மட்டும் போதாது என்று, திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் துணையோடு அதற்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக் பொருத்தினார்கள். அச்சும் சில்லும் இரும்பாயின. பின்னாலிருந்து தள்ளுவதற்கு இயந்திரங்களையும் பயன்படுத்துகின்றார்கள். பிறேக்கும் உராய்வினாலேயே வேலை செய்கின்றது. ஆனால் அங்கே உராய்வு சில்லின் அருகே, நீரும் சேறும் சேரா வண்ணம் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கின்றது. ஒரு மனிதரின் கால் அதற்குள் போக வேண்டிய தேவை இல்லை.

எங்கள் நல்லூரானின் தேர்த்திருவிழா 24 ஆம் நாள். அன்று வடத்தைத் தொட்டு இழுப்பவர்களையே நாம் பார்க்கின்றோம். அடுத்த முறை போகும்போது சில்லின் அருகே நிற்பவர்களையும் ஒரு தரம் பாருங்கள். அவர்கள் மேலே சுவாமியைப் பார்ப்பதில்லை. நிலத்தையும் சில்லையுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இழுப்பவர்கள் ஆயிரம் பேராயினும், அத்தனை பேரின் உயிரும் அந்தச் சிலரின் கையில்.

எமது ஆலயத்தின் ஒழுங்குகள்

2017 இன் பின்னர் சபை சில ஒழுங்குகளைத் தீர்மானித்தது. அவற்றின் காரணம் எல்லோருக்கும் விளங்கினால்தான் கடைப்பிடிக்க மனம் வரும் என்பதால், காரணத்தோடு தருகின்றேன்.

1. முட்டுக்கட்டைகளின் அடியில் பழைய லொறி ரயரைத் தைத்திருக்கின்றோம். றப்பர் தார் வீதியை மரத்திலும் இறுகப் பற்றும். கட்டையின் முகம் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்கும். செங்குத்தான கட்டையைச் சில்லு முன்னே தள்ளும். சரிவான கட்டையின் மீது சில்லு ஏறி அதனைக் கீழே அழுத்தும்.

2. ஒவ்வொரு கட்டைக்கும் 6 அடி நீளப் பிடி பூட்டப்பட்டுள்ளது. எவரும் சில்லின் அருகே குனியக்கூடாது. கட்டை வழுக்கினால் விட்டுவிட்டு விலக வேண்டும். மரத்துக்கு மரம் வாங்கலாம்.

3. வீதிக்குத் தண்ணீர் விடுவது தேர் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் முடிந்துவிடும். நான்கு மூலைகளிலும் காய்ந்த மணல் வாளிகளில் இருக்கும். ஈரம் கண்டால் கட்டை போடும் இடத்தில் மணல் தூவப்படும்.

4. சிதறு தேங்காய் அடிப்பவர்கள் தேருக்கு 50 அடி முன்னரே அடித்துவிட வேண்டும். துண்டுகளைக் கூட்டி அள்ளுவதற்குத் தொண்டர்கள் நிற்பார்கள். அவர்களுக்கு இடம் விடுங்கள்.

5. வடக்கு வீதியில் பின்வடம் பிடிக்க ஆகக்குறைந்தது நாற்பது பேர். சரிவின் 400 கிலோ இழுவையைச் சமாளிக்க இருபது பேர் போதும் எனக் கணக்குச் சொன்னாலும், தவறுக்கு இடம் வைத்து நாற்பது.

6. இரண்டு வடங்களுக்கும் நடுவே பிள்ளைகளை விடவேண்டாம். தேருக்கும் முதலாவது ஆளுக்கும் இடையே 20 அடி வெளி இருக்கும். ஓட்டமாக வந்த தேர் சம நிலத்திலும் 16 அடி உருளும் என்ற கணக்கிலிருந்தே அந்த 20 அடி வந்தது. யாராவது இடறி விழுந்தால் எழுந்து விலக அவருக்கு அந்த அளவு இடமாவது வேண்டும்.

7. தேரை ஓட்டமாக இழுக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

8. மது அருந்தியவர் எவராயினும் கட்டைக்கும் பின்வடத்துக்கும் வரக்கூடாது.

9. திருவிழாவுக்கு முதல் அச்சுக்குக் கிறீஸ் இடுவதும், வீதிப் பள்ளங்களை நிரப்பி இறுக்குவதும் சபையின் பொறுப்பு. அதற்குப் பிறகும் தேர் நின்றுவிட்டால் சபையைக் கேளுங்கள். எந்த வீட்டாரையும் கேட்க வேண்டாம்.

இந்த ஒழுங்குகளில் அதிக செலவு எதுவும் இல்லை. ரயர்த் துண்டு இனாமாகக் கிடைத்தது. மணல் வாளிகள் ஆலயத்தில் இருந்தவையே. 2017 இலும் இவையெல்லாம் எங்களிடம் இருந்தன என்பதே என் மனதை அறுக்கும் விடயம்.

நிறைவாக

பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உராய்வு நல்லதா கெட்டதா என்று பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கமும் எழுதி முழுப் புள்ளி வாங்கிவிடுவீர்கள். அதோடு விட்டுவிடாமல் தேரன்று வீதியிலே நின்று பாருங்கள். அச்சிலே உராய்வு குறைய வேண்டும். கட்டையிலே கூட வேண்டும். வடம் பிடிப்பவரின் உள்ளங்காலிலே கூட வேண்டும். மூலையில் பக்கவாட்டாகச் சறுக்கும் சில்லிலே சற்றுக் குறைய வேண்டும். ஒரே தேரில், ஒரே நேரத்தில், நான்கு இடங்களில் நான்கு விதம். எங்கே எது வேண்டும் என்று பார்த்து அறிந்தபின் கைவைப்பதே விஞ்ஞானம். செய்தித்தாளில் ஒரு பந்தி படித்துவிட்டுப் பவுசரைக் கூப்பிடுவது விஞ்ஞானம் அன்று.

கால் விரல்களை இழந்த தம்பி இன்றும் தேர்த்திருவிழாவுக்குத் தவறாமல் வருகின்றார். என்மீது அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதனால் என் பாரம் குறையவும் இல்லை. இப்போது அவர் கட்டை போடுவதில்லை. தேருக்கு முன்னே நின்று, இழு என்றும் நிறுத்து என்றும் விசில் ஊதுபவர் அவர்தான். அவர் ஊதினால் ஆயிரம் கைகள் ஒரே கணத்தில் வடத்தை இறுக்கும். அவர் மறுபடி ஊதினால் அத்தனை கைகளும் தளர வேண்டும்.

இவ்வாண்டுத் தேரன்று அவருடைய இரண்டாவது விசில் கேட்டதும், உற்சாகத்தில் இன்னும் ஒரு இழுவை என்று இழுத்துவிடாமல் கையைத் தளர விடுங்கள். அம்பாளின் தேர் சுகமே இருப்பிடம் சேரவும், தேருக்கு வந்த அடியார்கள் ஒவ்வொருவரும் வந்த காலோடு வீடு சேரவும், எல்லாம் வல்ல அம்பாளின் திருவடிகளைப் பிரார்த்தித்து நிறைவு செய்கின்றேன்.

சுபம்.